வார்ப்புக் கொட்டிலில் உடம்பைக் காப்பது: எதை முதலில், எதைப் பிறகு

பட்டறையில் யாராவது இருமத் தொடங்கினால் முதலாளி உடனே செய்வது, ஃபார்மசிக்கு ஆளனுப்பி ஒரு பெட்டி முகமூடி எடுப்பிப்பதுதான். இரண்டு நாள் எல்லோரும் போடுவார்கள். மூன்றாம் நாள் அது தாடைக்குக் கீழே தொங்கும். அடுத்த கிழமை பார்த்தால் உலைக்குக் காற்றடிக்கும் ஊதியின் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் கரி பிடித்துக் கிடக்கும்.

முகமூடி வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வழிகாட்டியில் அதன் இடம் ஒன்பதாவது. அதற்கு முன் உள்ள எட்டையும் செய்யாமல் அதை மட்டும் போட்டால், அது எதையும் தடுக்கப் போவதில்லை.

நான்கு முதல் பத்துப் பேர் வரை வேலை செய்கிற சிறு கொட்டில்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். நெல் ஆலைக்கு புஷ், லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம், படகு எஞ்சினுக்கு விசிறி, கோயிலுக்கு மணியும் விளக்கும் என்று அலுமினியமும் பித்தளையும் ஊற்றுகிற இடங்கள். மணல் அச்சு, சிரட்டைக்கரியோ கழிவு ஒயிலோ எரிக்கும் உலை. இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை இப்படிப்பட்ட கொட்டில்களின் பிரச்சினைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடங்குமுன் கையில் வேண்டியவை

நல்ல ரோச் லைட் ஒன்று. ஊதுபத்தி ஒரு கட்டு. சிவப்புப் பெயின்ட் ஒரு சிறிய டின். ஒரு கொப்பி, பேனை. கூரை மழைக்கு ஒழுகுகிறதென்றால் அதை அடைக்கத் தகரமும் ஆணியும். இவ்வளவும் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பணம் குறைவு என்றால் கூரை, காய்ந்த மணல், புகைக்கூடு என்ற ஒழுங்கில் செலவழியுங்கள். மற்றவை மெதுவாக வரலாம்.

1. ஒரு நாள் எதையும் மாற்றாமல் பாருங்கள்

வந்தவுடன் கையில் கிடைத்ததைத் திருத்தத் தொடங்குவதுதான் புதியவர்கள் விடும் முதல் பிழை. காற்று எங்கிருந்து வருகிறது, எந்த நேரம் திசை மாறுகிறது என்று தெரியாமல் புகைக்கூடு வைத்தால் அது காட்சிக்குத்தான் நிற்கும்.

ஊதுபத்தியைக் கொளுத்தி உலை வாய்க்கு மேலே, ஊற்றுபவரின் முகத்தின் உயரத்தில், அச்சு அடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் என்று பிடித்துப் பாருங்கள். காலையில் ஒரு தரம், பகல் கடற்காற்று எழும்பிய பிறகு ஒரு தரம். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று தலைகீழாக மேற்கிலிருந்து வரும். அப்போது இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

மாலை இருட்டியதும், யாராவது மணல் சலிக்கும்போது, ரோச் வெளிச்சத்தை அந்த இடத்தின் ஊடாகப் பாய்ச்சுங்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று, பல்பு நேரே கண்ணில் படாதபடி ஒரு பலகையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பகலில் "இங்கே தூசியே இல்லை" என்று சொன்ன இடத்தில் வெண்புகை மாதிரி ஒன்று மிதப்பது தெரியும். என்னுடன் வேலை செய்த ஒரு காக்கா (அண்ணன்) அதைப் பார்த்துவிட்டு, "இதையா இவ்வளவு காலமும் குடிச்சோம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரிடம் தூசியைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2. பழைய சாமானைக் கொட்டிலுக்கு வெளியே பிரியுங்கள்

உலையில் நடக்கிற விபத்துகளில் பல, இரும்புக்கடையிலிருந்து சாமான் வந்து இறங்கும்போதே தொடங்கிவிடுகின்றன. மூட்டையை அவிழ்த்து அப்படியே உலைக்குப் பக்கத்தில் கொட்டுவதை நிறுத்துங்கள். வெளியே ஒரு சிமெந்துத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

மூடி அடைத்த எதுவும் உலைக்குப் போகக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஷொக் அப்சோபர், ஸ்ப்ரே டின், அடைபட்ட குழாய், நசுக்கிய சோடா டின் எல்லாம் இதில் அடங்கும். உள்ளே காற்றோ எண்ணெயோ ஒரு மிடறு தண்ணீரோ இருந்தால் போதும், வெடிக்கும். வெட்டித் திறந்து உட்புறம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே எடுங்கள்.

மக்னீசியம் இன்னொரு வில்லங்கம். சில பழைய எஞ்சின் மூடிகளும் சங்கிலிவாள் உறைகளும் அலுமினியம் போலவே இருக்கும், தூக்கினால் இன்னும் பாரம் குறைவு. அரத்தால் ஓரிடத்தில் சுரண்டி வினாகிரி ஒரு துளி விடுங்கள். குமிழ் குமிழாகப் பொங்கினால் மக்னீசியம். அலுமினியம் அப்படிப் பொங்காது. மக்னீசியம் பற்றினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சத்துடன் எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். காய்ந்த மணலால் மூடுவதுதான் வழி.

பற்றரித் தகடு, பெயின்ட் பூசியவை, பிளாஸ்டிக் உறையுள்ள வயர், கல்வனைஸ் தகரம் ஆகியவற்றைத் தனியே போடுங்கள். கார்புரேட்டர் உடல் பெரும்பாலும் நாகக் (சிங்க்) கலப்பு. அலுமினியத்துடன் சேர்த்தால் வார்ப்பும் கெடும், புகையும் கூடும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. போர் நடந்த மண்ணில் பொறுக்கிய பழைய சாமானில் ஷெல் துண்டோ துப்பாக்கி ரவையோ அடையாளம் தெரியாத உருளையோ வரலாம். வெற்றுக்கோது போலத் தெரிந்தாலும் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்கி ஓரமாக வைக்கவும் வேண்டாம். எல்லோரையும் விலக்கிவிட்டுப் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள். பித்தளைக்கு நல்ல விலை என்பதால்தான் இந்தச் சாமான்கள் உலைவரைக்கும் வந்து சேர்கின்றன.

3. ஈரத்துக்கு ஒரு பக்கம், நெருப்புக்கு ஒரு பக்கம்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பெருக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தண்ணீர், 8 லீற்றருக்கு மேல் ஆவியாகும். உருகிய உலோகத்தின் மேல் விழுந்த துளி சீறிவிட்டுப் போய்விடக்கூடும். அதே துளி உலோகத்துக்கு அடியில் மாட்டினால் அதற்குப் போக வழியில்லை. மேலே உள்ள உலோகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியசில், ஊற்றுவது 700க்கு மேல். அது முகத்துக்கு வரும்.

ஆனால் மணல் தூசியை அடக்கவும் தண்ணீர்தான் வேண்டும். ஒருவர் தூசிக்கென்று தண்ணீர் தெளிக்க, இன்னொருவர் அந்த ஈரத்துக்கு மேல் ஊற்றுகிறார். பாதுகாப்பு வகுப்புக்குப் போய் வந்த ஆட்கள் இருந்தும் நடக்கும் விபத்து இது. ஆகவே கொட்டிலை இரண்டாகப் பிரியுங்கள். தரையில் சிவப்புக் கோடு ஒன்று இழுங்கள். ஒரு பக்கம் உலை, ஊற்றும் இடம், கருவிகள்: இது வரண்ட பக்கம். மறுபக்கம் மணல் பிசைதல், சலித்தல், அச்சு உடைத்தல், தண்ணீர் பீப்பாய், குழாய்: இது ஈரப் பக்கம். தண்ணீர் வாளி கோட்டைத் தாண்டக்கூடாது. தேத்தண்ணிக் கோப்பையும்தான்.

வரண்ட பக்கத்தில் செய்ய வேண்டியவை:

கூரை ஒழுகக்கூடாது. மாரி தொடங்குமுன், ஒக்டோபருக்குள், ஒரு மழையில் உள்ளே நின்று பார்த்து ஓட்டைகளை அடையுங்கள்.

ஊற்றும் இடத்தில் வெறும் கொங்கிரீட் தரை வேண்டாம். காய்ந்தது போலத் தெரிந்தாலும் கொங்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கும். உலோகம் சிந்தினால் தரையே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதன் மேல் காய்ந்த மணலை 5 சென்ரிமீற்றராவது பரப்புங்கள்.

மூசையை (உலோகம் உருக்கும் பாத்திரத்தை) மண் தரையில் வைக்காமல் பலகை மேல், உலைக்குப் பக்கத்துச் சூட்டில் வையுங்கள். மூசை ஈரத்தை உறிஞ்சும். புதிதானாலும் நாள்பட்டுக் கிடந்ததானாலும் முதலில் இளஞ்சூட்டில் மெதுவாகக் காய்ச்சி, பிறகுதான் முழுச் சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விழும், அந்த வெடிப்பு தூக்கும்போதுதான் தெரியும்.

கரண்டி, கசடு வாரி, மிச்ச உலோகம் ஊற்றும் அச்சு, உலைக்குள் போடப் போகிற ஒவ்வொரு துண்டு ஆகிய எல்லாவற்றையும் உலை விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே உலோகத்தில் தொட வேண்டும். வெயிலில் காய்ந்தது போதாது. கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பும் துருவும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துருவேறிய கருவி கைக்குக் காய்ந்ததாகவே இருக்கும்.

இதை நான் கேட்டு எழுதவில்லை. ஒரு விடியற்காலை, இரவு தரையில் கிடந்த கசடு வாரியை எடுத்து அப்படியே மூசைக்குள் விட்டேன். "டொப்" என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. கையை இழுத்த பிறகுதான் எரிவு தெரிந்தது. இடது முழங்கைக்குக் கீழே மூன்று வெள்ளைப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. மூசைக்குள் இருந்தது அரைவாசி அளவு அலுமினியம்தான் என்பதால் அதோடு போயிற்று.

அச்சு மணலிலும் ஈரம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, களிமண் பிடிக்க நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை ஈரம் வேண்டும். கையால் அளக்கலாம்: ஒரு பிடி மணலை இறுக்கி விரியுங்கள். விரல் அடையாளம் தெளிவாக நிற்க வேண்டும், நடுவில் உடைத்தால் சுத்தமாக இரண்டாக வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. அச்சு அடித்ததும் மெல்லிய கம்பியால் ஆங்காங்கே குத்தி ஆவிக்கு வழி விடுங்கள்.

4. ஊற்றும் பாதையை வெறுமையாக்குங்கள்

உலையிலிருந்து அச்சுவரை உள்ள தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அச்சுகளை உலைக்குக் கிட்டே, தரையோடு அடுக்குங்கள். இடுப்பு உயரத்தில் மேசை மேல் வைத்து ஊற்றினால் சிந்துவது வயிற்றுக்கும் தொடைக்கும் வரும்.

மூசையை விளிம்புவரை நிரப்பாதீர்கள், முக்கால் போதும். இரண்டு பேர் தூக்குவதென்றால் பேசுபவர் ஒருவர் மட்டுமே: "தூக்கு, நட, நில்லு, ஊத்து." மற்றவர் வாய் திறக்கக்கூடாது. ஊற்றும் நேரம் பாதையைக் கடக்க யாருக்கும் அனுமதி இல்லை, முதலாளிக்கும்தான். குறடு மூசைக்குப் பொருந்துகிறதா என்று உலை குளிராக இருக்கும்போதே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒயில் உலையென்றால் ஒயில் பீப்பாயைக் கொட்டிலுக்கு வெளியே வைத்து, அடைக்கும் வால்வை உலையிலிருந்து தள்ளி, ஓடிப்போய் மூடக்கூடிய இடத்தில் பூட்டுங்கள். பக்கத்தில் காய்ந்த மணல் வாளிகள் நான்கைந்து இருக்கட்டும்.

5. புகை முகத்தைக் கடக்காமல் மேலே போகட்டும்

பழைய ஒயில் பீப்பாயை விரித்து, உலையைவிட அகலமாக ஒரு கூடு செய்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கூரை முகட்டுக்கு மேலே கொண்டுபோங்கள். கூடு எவ்வளவு தாழ்வாக, உலைக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு இழுக்கும். மூன்று பக்கம் தகரத்தால் மறைத்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு விதி: உலைக்கும் கூட்டுக்கும் நடுவில் ஆளின் தலை வரக்கூடாது. தலையை நீட்டித்தான் வேலை செய்ய வேண்டியிருந்தால் கூடு புகையை அந்த ஆளின் மூக்கு வழியாகத்தான் இழுக்கிறது என்று அர்த்தம். செய்து முடித்ததும் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்.

புகைக்குப் பேன் போடுவதில் ஒரு பொதுவான பிழை உண்டு. ஆளுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தால் அது உடம்பைச் சுற்றி வந்து நெஞ்சுக்கு முன்னால் சுழலும். புகையை முகத்துக்கே இழுத்துவரும். காற்று ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போகும்படி, பக்கவாட்டில் நில்லுங்கள்.

பித்தளை ஊற்றுபவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். நாகம் 907 பாகையில் கொதிக்கும். பித்தளை உருகுவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். ஆகவே கொஞ்சம் சூடு கூடினாலும் வெள்ளைப் புகையாக நாகம் பறக்கும், பஞ்சு போலக் கூரையில் ஒட்டும். அதைச் சுவாசித்தால் உடனே ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் நாலைந்து மணித்தியாலத்துக்குப் பிறகு வாயில் உலோகச் சுவை, குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு உளைவு. ஒன்றிரண்டு நாளில் தானாக மாறும். தொடர்ந்து ஊற்றினால் உடம்பு பழகியது போல இருக்கும்; இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தால் திரும்பவும் அடிக்கும்.

எங்கள் ஊரில் இதை டெங்கு என்று நினைத்துப் பயப்படுவார்கள், அல்லது டெங்குவை இதுவென்று நினைத்து வீட்டிலேயே கிடப்பார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் இரத்தம் பரிசோதியுங்கள். வைத்தியரிடம் "நேற்றுப் பித்தளை ஊற்றினேன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள், அவராக ஊகிக்க மாட்டார். பால் குடித்தால், பனங்கட்டி தின்றால் புகை ஒன்றும் செய்யாது என்பது வெறும் பேச்சு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போவது நுரையீரலுக்கு.

புகையைக் குறைக்க: தேவைக்கு மேல் சூடாக்காதீர்கள், உருகிய பித்தளையின் மேல் சூடாக்கிய கரித்தூளோ உடைத்த கண்ணாடியோ போட்டு மூடுங்கள், நாகம் சேர்ப்பதென்றால் கடைசியில் சேருங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு. மணமும் இல்லை. மழைக்காலத்தில் சாரல் வருகிறதென்று நான்கு பக்கமும் தறப்பாள் கட்டிவிட்டு உலை மூட்டுவது இதற்கு விருந்து வைப்பது போல. கொட்டிலில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல் வந்தால் வெக்கை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். கனல் அணையாத கொட்டிலில் காவலுக்குப் படுக்கவும் கூடாது.

6. மணல் தூசியை எழும்ப விடாதீர்கள்

அச்சு மணல் பெரும்பாலும் சிலிக்கா. கையில் நெறுநெறுக்கும் மணியால் ஆபத்தில்லை. சூட்டில் வெடித்து, சலித்து, திரும்பத் திரும்பப் பாவித்துப் பொடியான, 10 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடுகிறது. அங்கே தழும்பு விழும். அந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து வருடம் கழித்தே தெரியவரும். வந்த தழும்பை மாற்ற மருந்தில்லை. அது உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இலேயே இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

தூசி கிளம்பும் நேரங்கள் நான்கு: அச்சு உடைக்கும்போது, காய்ந்த மணல் சலிக்கும்போது, கூட்டும்போது, கிரைண்டர் பிடிக்கும்போது. ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கு வேறு.

அச்சு உடைப்பதில் அவசரம்தான் எதிரி. அடுத்த ஓடருக்கு மணல் வேண்டுமென்று சூட்டோடு உடைப்பார்கள். சூடான மணல் காய்ந்து கிடப்பதால் புகை போல எழும்பும். வார்ப்பு நன்றாக இறுகி ஆறட்டும். அச்சுப் பெட்டியைச் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஈரப் பக்கத்துக்குக் கொண்டுபோய், மணல் மேல் மட்டும் பூவாளியால் தெளித்து, பிறகு உடையுங்கள். கொட்டிலுக்கு வெளியே, காற்று போகும் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி அங்கேயே உடைத்தால் இன்னும் சிறப்பு.

சலிப்பதென்றால் மணல் இலேசாக ஈரமாக இருக்க வேண்டும். சல்லடை கொஞ்சம் அடைபடும், நேரம் பிடிக்கும். பரவாயில்லை.

அச்சின் இரண்டு பாதியும் ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவு எது என்று பாருங்கள். சிலர் மென்மையாக அரைத்த வெள்ளை மணல் மாவைத் தூவுகிறார்கள். இருக்கிற சிலிக்காவிலேயே கெட்டது அது. சுண்ணக்கல் பொடிக்கு மாறுங்கள். ஒரு நாளில் செய்துவிடக்கூடிய மாற்றம்.

காய்ந்த தும்புத்தடியால் கூட்டுவது, கொம்பிரசர் காற்றால் மேசையையும் உடுப்பையும் ஊதுவது இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். ஈரப் பக்கத்தில் தண்ணீர் தெளித்தோ ஈர மரத்தூள் தூவியோ கூட்டலாம். வரண்ட பக்கத்தில் தண்ணீர் கூடாது என்றோமே? அங்கே மணலைச் சவளால் மெதுவாக வாரி எடுங்கள். நெருப்பு அணைந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும், நல்ல முகமூடியுடன், காற்றுக்கு முதுகு காட்டாமல் செய்ய வேண்டிய வேலை அது.

கிரைண்டர் பிடிக்குமுன் வார்ப்பில் ஒட்டிய மணலை ஈரக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, பிறகு காயவிடுங்கள். உலோகத்தூள் மட்டும் பறந்தால் பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். உலையின் உட்பூச்சை உடைத்துப் புதுப்பிக்கும் நாளும் இதே கணக்குத்தான்: நனைத்து உடையுங்கள், பிறகு நாள் கணக்கில் காயவிட்டு, இளஞ்சூட்டில் காய்ச்சுங்கள்.

7. வெக்கை

மே முதல் ஓகஸ்ட் வரை, கச்சான் காலத்தில், உலையை விடியற்காலை மூட்டி பத்து மணிக்குள் ஊற்றி முடியுங்கள். பகலில் அச்சு அடிக்கலாம், அரம் பிடிக்கலாம். உலைக்கும் அச்சு மேசைக்கும் நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை மறைப்பாக நிறுத்திப் பாருங்கள். அனலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். காற்றே கொதிக்கும் நாளில் பேன் குளிர்ச்சி தராது, சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும்.

புதிதாக வந்தவரை முதல் நாளே முழு நேரம் உலையருகே நிறுத்தாதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு அவ்வளவு கூட்டுங்கள். தன் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டுமென்று நிற்கிற தம்பிமார்தான் முதலில் விழுவார்கள். லீவில் போய் வந்தவரும் புதியவர் போலத்தான்.

தாகம் வரும்வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர். நன்றாக வேர்த்தால் இடையில் இளநீரோ ஜீவனியோ. பேச்சுக் குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார், சொன்னது விளங்கவில்லை என்றால் அது களைப்பில்லை. நிழலுக்கு இழுத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அழையுங்கள்.

8. உடுப்பும் சப்பாத்தும்

சாரமும் பாட்டாச் செருப்பும்தான் எங்கள் பட்டறைகளின் சீருடை. சிந்திய உலோகம் செருப்பு வாருக்கும் காலுக்கும் நடுவில் போய் நிற்கும், உதற முடியாது.

கயிறு இல்லாத, காலை உதறினால் கழன்றுவிடும் தோல் சப்பாத்து வேண்டும். காற்சட்டை அதற்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக்கூடாது; செருகினால் சப்பாத்து புனல் போல உலோகத்தை வாங்கிக்கொள்ளும். தடித்த பருத்தி உடுப்பு. கிரிக்கெட் ஜேர்சி வேண்டவே வேண்டாம், அது உருகித் தோலோடு ஒட்டும். சட்டைப் பையைத் தைத்து மூடிவிடுங்கள். நெஞ்சிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தோல் ஏப்ரன்.

கையுறை தோலில், கொஞ்சம் தளர்வாக, காய்ந்ததாக. ஈரக் கையுறையால் சூட்டைப் பிடித்தால் உள்ளே ஆவி வந்து அவித்துவிடும். முகத்துக்கு முழு மறைப்பு. உலைக்குள் உற்றுப் பார்ப்பவருக்கு காஸ் வெட்டுபவர்கள் போடும் மங்கல் கண்ணாடி போதும். வெல்டிங் கண்ணாடி மிகவும் இருட்டு, அதைப் போட்டால் கால் வைக்கும் இடம் தெரியாது. ஆனால் வெறுங்கண்ணால் வருடக்கணக்கில் பார்த்தால் கண்ணில் வெண்புரை விழும்.

9. இப்போது முகமூடி

மணல் தூசிக்கு என்95 வகை. ஃபார்மசியில் கிடைக்கும் நீல நிறச் சத்திரசிகிச்சை முகமூடி இதற்கு உதவாது, சுற்றி வைத்த லேஞ்சி சுத்தமாக உதவாது. என்95 துகளைத்தான் தடுக்கும்; காபனோரொட்சைட்டு போன்ற வாயுக்கள் அதனூடாகப் போகும். போட்டதும் இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பாருங்கள், ஓரத்தால் காற்று போனால் தூசியும் அந்த வழியாகத்தான் வரும். தாடி இருந்தால் பொருந்தாது. தாடி வைத்தவரை அச்சு உடைக்கும், கூட்டும் வேலைகளிலிருந்து மாற்றி வேறு வேலை கொடுப்பதுதான் மரியாதையான தீர்வு. பாவிக்காத நேரம் மூடியுள்ள டின்னில் வையுங்கள், ஆணியில் வேண்டாம்.

10. ஈயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

வாவியோரக் கொட்டில்களில் வலைக்கு ஈயக்குண்டு ஊற்றுவது ஒரு சின்ன வேலையாக நடக்கும், அதுவும் வீட்டு முற்றத்தில், குசினிச் சட்டியில். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடுவதால் விளையாட்டு போல இருக்கும். அதன் தூளும் கசடும் கையிலும் உடுப்பிலும் ஒட்டி, குழந்தையின் வாய்வரை போகும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. படிப்பையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். பல பித்தளைகளிலும் ஈயம் கலந்திருக்கும்.

ஆகவே ஈய வேலை வீட்டில் வேண்டாம், பற்றரி உருக்குவது எங்குமே வேண்டாம். கொட்டிலில் சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்கும் பீடிக்கும் தனியிடம். கை கழுவாமல் அங்கே போகக்கூடாது. வேலை உடுப்பை அங்கேயே கழற்றி, குளித்து, வேறு உடுப்பில் போங்கள். கழுவும்போது குழந்தைகளின் உடுப்போடு சேர்க்க வேண்டாம்.

11. சுட்டால் முதல் 20 நிமிடம்

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து 20. பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். இதற்காகவே கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் எப்போதும் வேலை செய்ய வேண்டும். மோதிரம், கைக்கடிகாரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தையோ துணியையோ பிய்க்காதீர்கள். பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு எதுவும் பூசாதீர்கள்; வைத்தியசாலையில் அதைச் சுரண்டி எடுப்பது இரண்டாவது சித்திரவதை. சுத்தமான பொலித்தீனால் தளர்வாக மூடி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ எது கிட்டவோ அங்கே போங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட திகதி கொப்பியில் இருந்தால் அங்கே ஒரு கேள்வி குறையும்.

12. கொப்பியும் பரிசோதனையும்

ஒருவர் வேலைக்கு வரும்போதே நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்து வையுங்கள். பிறகு வரும் மாற்றத்தை ஒப்பிட முதல் படம் வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளி பரிசோதிக்க வேண்டும். பித்தளை, ஈய வேலை செய்பவருக்கு இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை இப்படியான ஆபத்தான வேலைக்கு எடுப்பது சட்டப்படி தடை; "சும்மா பார்க்கத்தான் வந்தான்" என்று சொன்னாலும் செல்லாது.

கொப்பியில் மூன்று விடயம் எழுதினால் போதும்: திகதி, என்ன நடந்தது, யாருக்கு. தெறிப்பு, தலையிடி, காய்ச்சல், கிட்டத்தட்ட நடக்கவிருந்தது எல்லாம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் (1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கம்) விபத்துகளைத் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் அதுவும் அறிவிக்க வேண்டிய விபத்துதான். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காயத்தோடு சில தொழில் நோய்களும் அதில் வரும். பத்து வருடத்துக்குப் பிறகு இருமலோடு போய் நிற்பவர், எந்தக் கொட்டிலில் எத்தனை வருடம் மணல் சலித்தார் என்று காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொருவரின் வேலை தொடங்கிய திகதியும் செய்த வேலையும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும், அதன் ஒரு பிரதி அவர் கையிலும்.